அண்ணியின் சாம்பல் கட்டங்கள்

எங்கள் அண்ணி ஓவியர் என்று சொன்னால், "அப்படியா, என்ன வரைவாங்க?" என்று உடனே கேட்பார்கள். நாற்பத்தேழு வருடமாக அதற்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. கட்டம் கட்டமாக வரைவார் என்றால் துணிக்கடைக்கா என்பார்கள். எதையும் வரையமாட்டார், நிறத்தை மட்டும் வைப்பார் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் லிஃப்ட் பழுது பார்த்துப் பிழைத்தவன். படங்களைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அண்ணியோடு ஒரே வீட்டில் ஒன்பது வருடமும், அதற்கப்புறம் இரண்டு தெரு தள்ளியும் இருந்தவன் என்ற அளவில்தான் இதைச் சொல்கிறேன்.

அண்ணன் துறைமுகக் கிடங்கில் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு முதலில் வந்துவிட்டான். எட்டு மாதம் கழித்து அண்ணியும் நானும் கிளம்பினோம். அவருக்கு இருபத்தேழு, எனக்குப் பத்தொன்பது. பிறந்த நாட்டில் ஓவியக் கல்லூரியில் படித்தவர். நண்பர்களோடு சேர்ந்து மூன்று கண்காட்சி வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் நாலு பேருக்கு அவர் பெயர் தெரியும். விமான நிலையத்தில் அவர் தோளில் நீளமாக ஓர் அட்டைக் குழாய். சுங்க அதிகாரி அதற்குள் கையை விட்டுத் துழாவி, சுருட்டி வைத்திருந்த நான்கு படங்களையும் மேசையில் விரித்தார்.

"இது என்ன?"

"படம்."

"எதோட படம்?"

அண்ணி யோசித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"எதோடதும் இல்லைங்க. படம், அவ்வளவுதான்."

அதிகாரி படிவத்தில் 'வீட்டு உபயோகத் துணி' என்று எழுதி அனுப்பிவிட்டார். அண்ணி அதைப் படித்துப் பார்த்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாதி நாள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சமையலறையை ஒட்டி, துணி காயப்போட ஒரு சின்ன அறை. கையை இரண்டு பக்கமும் நீட்டினால் சுவர் இடிக்கும். அதன் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் தெரியும். அண்ணி அங்கேதான் வரைந்தார். வீடு முழுக்க, பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம். எங்கள் சட்டையெல்லாம் அந்த வாசனையோடுதான் வேலைக்குப் போகும். கிடங்கில் அண்ணனை 'மண்ணெண்ணெய்' என்று கூப்பிட்டார்கள். அவன் அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வான்.

வந்த ஆறாவது மாதம் அண்ணிக்குப் பெயின்ட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நிறம் சேர்க்கும் அறை என்று ஒன்று. வாடிக்கையாளர்கள் உடைந்த ஓடு, திரைச்சீலைத் துண்டு, பழைய கதவிலிருந்து சுரண்டிய சில்லு என்று எதையாவது கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். வெள்ளைக் கலவையில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, அட்டையில் தீற்றி, சூடான காற்றில் காயவைத்து, முதலில் ஜன்னல் வெளிச்சத்திலும் பிறகு குழல் விளக்கின் கீழும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒன்றாக இருப்பது காய்ந்தால் வேறாகிவிடும். பகலில் பொருந்துவது விளக்கில் காலை வாரும். மற்றவர்கள் பத்து தடவை கலப்பதை அண்ணி மூன்றில் முடித்துவிடுவார். முடிந்ததும் எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று ஓர் அட்டையில் எழுதி அடுக்கில் செருக வேண்டும். மேற்பார்வையாளர் அவரை இந்த ஊர்ப் பாஷையில் என்னவோ சொல்லிக் கூப்பிடுவார். நம் பேச்சில் சொன்னால் 'ஆந்தை'. கண் கூர்மை என்று அது இங்கே பாராட்டாம்.

வேலை முடிந்து வந்து சமைத்துவிட்டு, துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாம்பலில் ஒரு கட்டம், அதன் பக்கத்தில் கொஞ்சம் பச்சை கலந்த சாம்பலில் இன்னொன்று. ஒரு படத்துக்கு ஒன்றரை மாதம் ஆகும். அண்ணன் எட்டிப் பார்த்து, "போன மாசம் பாத்த மாதிரியே இருக்கே" என்பான். "போன மாசம் பாத்ததுதான். இன்னும் முடியல" என்பார் அண்ணி.

அவருடைய முப்பத்து மூன்றாம் வயதில் ஓவியக் கூடம் நடத்தும் ஓர் அம்மாள் தொழிற்சாலைக்கு வந்தார். கழுத்தில் சங்கிலி போட்டு இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்கும். நாங்கள் கண்ணாடியம்மா என்போம். தன் கூடத்துச் சுவரின் வெள்ளைச் சில்லை நீட்டி, அதே நிறம் கேட்டிருக்கிறார். அண்ணி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வெள்ளை மேல படம் மாட்டினா எல்லாமே அழுக்காத் தெரியுமே" என்றாராம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் வரைவேன்."

அடுத்த வாரம் அந்த அம்மாள் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார். துணி அறையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்பதால் நாங்கள் எல்லோரும் சமையலறையில் காத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, பன்னிரண்டு படம் வேண்டும் என்றார்.

கண்காட்சி நடந்தது. ஏழு படம் விற்றது. பத்திரிகையில் ஒருவர் எழுதினார். அண்ணன் அதைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தான்: "தன் தாய்நாட்டின் சுட்டெரிக்கும் வெயிலையும் மசாலாக்களின் நெடியையும் இவர் தூரிகையில் சுமந்து வந்திருக்கிறார்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "டேய், மசாலா எங்கடா இருக்கு இதுல? எனக்குத் தெரியாம அரைச்சு ஊத்திட்டாளா?"

நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை.

"அது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பச்சை. போன வருஷம் நான்தான் கலந்தேன். அதுல கறுப்பு போட்டா அப்படி வரும்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வருடம் கழித்து இன்னொரு கண்காட்சி. அதில் இரண்டு படம் போனது. கண்ணாடியம்மா நல்ல மாதிரிதான் சொன்னார். "ஒரு முகம், ஒரு மரம், உங்க ஊர் ஜாடை கொஞ்சம் தெரிஞ்சாப் போதும். பாக்கிறவங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்."

"சரி, பாக்கிறேன்" என்றார் அண்ணி. அண்ணி 'பாக்கிறேன்' என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம். அந்த அம்மாளுக்கு அது புரிய இரண்டு வருடம் ஆயிற்று. மூன்றாவது கண்காட்சி நடக்கவே இல்லை. அந்தச் சமயத்தில் பிறந்த நாட்டிலிருந்து பழைய தோழி ஒரு தடிப் புத்தகம் அனுப்பினாள். அவர்களோடு படித்த ஓவியர்கள் எல்லோரைப் பற்றியும் அதில் இருந்தது. அண்ணிக்கு அடிக்குறிப்பில் ஒரு வரி: 'பின்னர் வெளிநாடு சென்றுவிட்டார்.' அண்ணி அந்தப் புத்தகத்தை ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்தார். கோபத்தில் இல்லை. உயரம் சரியாக இருந்தது.

அண்ணி மட்டும் வரைந்துகொண்டே இருந்தார். இடம் போதாமல் முடிந்த படங்களை நானும் அண்ணனும் கட்டடத்தின் நிலவறையில், எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய தடுப்புக்குள் கொண்டுபோய் அடுக்கினோம்.

அவருக்கு நாற்பத்தொன்று நடக்கும்போது அண்ணன் இறந்தான். காலை பதினோரு மணி இருக்கும், கிடங்கில் பெட்டி அடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முதலில் அண்ணிக்குத்தான் போன் போயிருக்கிறது. பிறகு எனக்கு. நான் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில், கையெல்லாம் கிரீஸோடு இருந்தேன். அப்படியே ஓடினேன். ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அண்ணி வந்தார். தொழிற்சாலையிலிருந்து அந்த இடம் பஸ்ஸில் இருபது நிமிடம்.

மேற்பார்வையாளர் பிறகு என்னிடம் சொன்னார். போனை வைத்துவிட்டு அண்ணி தன் மேசைக்குத் திரும்பியிருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்து பெஞ்சு நிறம் பாதியில் இருந்தது. அதைக் கலந்து முடித்து, காயவைத்து, இரண்டு வெளிச்சத்திலும் பார்த்து, அட்டையில் எழுதி, அடுக்கில் செருகி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அதற்கப்புறம்தான் "என் வீட்டுக்காரர் தவறிட்டார், நான் போகணும்" என்று சொல்லியிருக்கிறார்.

என் மனைவி அதைக் கேட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் தொலைபேசியில் என்னென்னவோ பேசினார்கள். கல்நெஞ்சு என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளே அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அழவும் இல்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனார்.

அதற்கப்புறம் பதினான்கு வருடம் அவர் வரையவில்லை. துணி அறையில் துணி காய்ந்தது. தினமும் காலை ஏழே கால் பஸ், சாயங்காலம் ஐந்தரை பஸ். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். என் பெண்ணுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பார். "அண்ணி, ஏதாவது வரையறதுதானே" என்று என் மனைவி சொன்னால், "பாக்கிறேன்" என்பார். அவர் முகத்தில் துக்கம் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. சந்தோஷமும் இருக்காது. நன்றாகத் துடைத்து வைத்த மேசை போல இருக்கும். நாளாக ஆக எங்களுக்கும் அது பழகிவிட்டது.

பிறகு தொழிற்சாலைக்கு ஒரு கருவி வந்தது. சில்லை அதன் கீழே வைத்தால் எத்தனை சொட்டு என்று அதுவே காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடும். ஐம்பத்தைந்து வயதில் அண்ணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். "அது சரியாச் சொல்லுதா அண்ணி?" என்று கேட்டேன்.

"என்னைவிடச் சரியாச் சொல்லுது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது துணிக்கொடி அவிழ்ந்து கிடந்தது. அண்ணி சின்ன அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு கட்டத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார். ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சமையலறைக் குழாய் ஒழுகியதை இறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவருக்கு அறுபத்தாறு ஆகும்போது அரசு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் தேடிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்து வரைந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். கண்ணாடியம்மா இறந்து, கூடம் செருப்புக் கடையாகி, அவருடைய காகிதங்கள் ஏதோ நூலகத்துக்குப் போய், அதிலிருந்து அண்ணியின் பெயரைப் பிடித்திருக்கிறாள். பழைய படங்கள் இருக்கிறதா என்று கேட்டாள். நாங்கள் மூவரும் நிலவறைக்கு இறங்கினோம்.

எந்த வருடமோ மேலே குழாய் வெடித்திருக்கிறது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அடுக்கில் முக்கால்வாசிக்கு மேல் கறுத்துப் பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் நிறம் தோல் போல உரிந்து வந்தது. அறுபத்திரண்டு படத்தில் தேறியது பதினொன்று. அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அண்ணி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இது வேணாம்... இதுவும் வேணாம்..." என்று இடப்பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். கடையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல இருந்தது.

அவள் போன பிறகு நாங்கள் நிலவறைப் படியில் உட்கார்ந்தோம். என்ன தோன்றியதோ, இருபத்தைந்து வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, அன்னிக்கு ஏன் உடனே வரல?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"போன் வந்தப்போ கலவை பாதியில இருந்துது தம்பி. விட்டுட்டு வந்தா காஞ்சு போயிடும். அது ஒண்ணுதான் அப்ப எனக்குத் தெரிஞ்சுது. மத்தது உள்ள போகல."

"அப்புறம்?"

"அப்புறமும் போகல." கையிலிருந்த பூஞ்சையைத் தேய்த்து உதிர்த்தார். "ஒரு நாள் உள்ள போயிடும்னு பாத்துட்டே இருந்தேன். நீ என்மேல கோவமா இருந்தது தெரியும். நியாயம்தான்னு விட்டுட்டேன்."

"எந்திரிங்க அண்ணி, ஈரம் ஏறும்" என்றேன்.

அந்தப் பதினொன்றும், புதிதாக வரைந்ததில் எட்டுமாகப் பத்தொன்பது படங்களை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பெரிய கூடம். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேடையில் அந்தப் பெண் ஒலிபெருக்கியை நீட்டி, "உங்க பயணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

"விமானத்துல வந்தோம்" என்றார் அண்ணி.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். பத்திரிகைகள் எழுதின. இந்தத் தடவை வெயில், மசாலா எதுவும் இல்லை. மௌனம் என்று எழுதினார்கள். அருங்காட்சியகம் ஐந்து படங்களை வாங்கிக்கொண்டது. பிறந்த நாட்டிலிருந்தும் இருவர் வந்து பேட்டி எடுத்துப் போனார்கள். அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்து, கேட்டதற்கெல்லாம் ஒரு வரியில் பதில் சொன்னார். அன்று மாலை, "உங்களுக்குச் சந்தோஷம்தானே அண்ணி?" என்று என் மனைவி கேட்டாள். அண்ணி உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

"தெரியலையே. இருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வரைவார். போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவி போன் செய்து எடுக்கவில்லை என்று சாவியோடு போனேன். சின்ன அறையில் ஸ்டூலிலிருந்து சரிந்து, சுவருக்கும் படத்துக்கும் நடுவே உட்கார்ந்த வாக்கில் இருந்தார். அறை அவ்வளவு குறுகல் என்பதால் கீழே விழவில்லை. டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அருங்காட்சியகப் பெண் வந்தாள். ஸ்டாண்டில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாம்பலில் மூன்று கட்டங்கள். ஒன்றின் ஓரத்தில், விளிம்பு நேராக வருவதற்காக அண்ணி ஒட்டிய காகித நாடா அப்படியே இருந்தது.

"இது முடிஞ்ச படமா, முடியாததா? பட்டியல்ல எழுதணும். உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

எனக்கு எதுவும் தெரியாது. இருந்தாலும் கிட்டே போய் நாடாவைத் தொட்டுப் பார்த்தேன். அதன் நுனி சற்றுக் கிளம்பியிருந்தது. உரிக்கப் போனாரா, இப்போதுதான் ஒட்டினாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"முடியலன்னு போட்டுக்கோம்மா" என்றேன். "நாடாவை எடுக்க வேணாம்."

அவள் எழுதிக்கொண்டாள். படத்தைப் போர்வையில் சுற்றி, இரண்டு பேருமாக மாடிப்படி வழியே இறக்கினோம். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை.