பெரியவர் வர்ற நேரம்

சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சட்டையை இஸ்திரி போட்டிருக்க வேண்டும். போட்டதைச் சாப்பிட வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை சாயந்திரம் நான் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிய ஒரு லோரியின் உச்சியில் நின்றுகொண்டு "புலி! புலி!" என்று கத்திக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

என் மகள் யாழினிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. தினேஷ். அவளோடு கோலாலம்பூரில் ஒரே ஆபீஸ். நல்ல பையன்... என் ஜோக்குக்குச் சிரிக்கிறான். அல்லது சிரிக்கிற மாதிரி நடிக்கிறான். மாப்பிள்ளைக்கு அது இன்னும் பெரிய தகுதி. சொந்த ஊர் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா தவறிவிட்டார், அம்மா மட்டும்தான். அப்பாவின் இடத்தில் இருந்து முடிவு சொல்வது ஒரு பெரியப்பா.

மலை ஏறும்போது காரின் பின்சீட்டிலிருந்து யாழினி பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

"பெரியப்பா சரின்னாத்தான்பா கல்யாணம். தினேஷோட அக்காவுக்கு வந்த மொத மாப்பிள்ளைய அவர் வேணாம்னுட்டாரு. ஏன் தெரியுமா? பையனோட அப்பா சத்தமா ஏப்பம் விட்டாராம்."

"ஏப்பத்துக்கா?"

"ஏப்பத்துக்குத்தான். அதனால, ப்ளீஸ்... இன்னிக்கு ஒரு நாள் நீங்க நீங்களா இருக்காதீங்க."

என் மனைவி சரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரை நான் பாத்துக்கறேன்டி," என்றாள். வீட்டு நாயைப் பற்றி விருந்தாளிக்குக் கொடுக்கிற உத்தரவாதம் மாதிரியே இருந்தது.

தானா ராத்தா டவுனில் நிறுத்தித் தட்டுக்குப் பழம் வாங்கினோம். பிறகு பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டில் இறங்கினோம். தேயிலை முடிந்து காடு தொடங்கியது. காடு விலகிய இடத்தில் ஒரு ஏரி. ஏரிக்கரை மேட்டில் தோட்டத் தொழிலாளர்களின் ஒரு வரிசை லயத்து வீடுகள், ஒரு கடை. ஊர் அவ்வளவுதான். நாலு பக்கமும் காடு கூட்டம் போட்டு நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது.

அழகுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதி இருக்கிறதே! நான் கிள்ளானில் கண்டெய்னர் லோரிகளின் தாலாட்டில் தூங்குகிறவன். இங்கே ஓர் இலை விழுந்தாலும் கேட்கிறது. இலை விழுந்தால் பரவாயில்லை. எது தள்ளிவிட்டு விழுந்தது என்று எனக்கு யோசனை ஓடுகிறது. போனில் லைன் வேறு இல்லை.

சம்பந்தியம்மா வாய் நிறைய வரவேற்றார். "பெரியப்பா மேல கோயில் வேலையா போயிருக்காருங்க. பொழுது சாய வந்துருவாரு." தினேஷ் கோழி வாங்க பிரிஞ்சாங் டவுனுக்குக் கிளம்பினான். பெண்கள் மூன்று பேரும் அடுப்படிக்குள் போய்விட்டார்கள். தனியாக உட்கார்ந்தால் ஏப்பம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஏரிப் பக்கம் இறங்கினேன்.

கரையில் கோபிஸ் கூடைகளை உயர அடுக்கிய ஒரு லோரி நின்றது. குணா என்ற இளைஞன் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பையன், லோரி டிரைவர். விருந்தாளி என்று தெரிந்ததும் நன்றாகத்தான் பேசினான். பேச்சு போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று வானத்தைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க மேல போயிருங்க. பெரியவரு வர்ற நேரம் லா இது."

"எந்தப் பெரியவரு?"

"பெரியவருண்ணே." குரலை இறக்கினான். "இங்க யாரும் பேரச் சொல்ல மாட்டோம்."

இங்கேதான் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டோரம் வாழ்கிறவர்கள் புலியைப் புலி என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று நம்பிக்கை. மலாய்க்காரர்கள் 'பா பெலாங்' என்பார்கள், கோடு போட்ட ஐயா என்று மரியாதையாக. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பத்தி எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி அரைகுறையாக நிறைய விஷயம் தெரியும்.

லோரிப் பக்கம் ஓரடி நகர்ந்தேன். "எங்கேருந்து வருவாரு?"

"அதோ, அந்தக் காட்டுப் பாதையில இறங்குவாரு. தண்ணிக்கரையில ஒரு ரவுண்டு நடப்பாரு. கொஞ்ச நாளா ஆளைக் காணோம். கால்ல முள்ளு ஏறி நொண்டிக்கிட்டிருந்தாரு. இப்பத்தான் மறுபடி இறங்குறாரு."

நொண்டிப் புலி! மானைத் துரத்த முடியாத புலிதான் மனிதனைத் தேடும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். மானைவிட மெதுவாக ஓடுகிற நான் இதோ ஏரிக்கரையில் பளபளக்கும் ஷூவோடு நிற்கிறேன்.

"வயசானவரோ?"

"பல்லே ரெண்டோ மூணோதான் பாக்கி. பல்லு போனதுலேருந்து கோவம் ஜாஸ்தி."

"ஆளுங்களை... ஒண்ணும் பண்ணமாட்டாரே?"

"தெரிஞ்ச ஆளுன்னா விட்டுருவாரு. புது ஆளு மாட்டினா அவ்வளவுதான். போன மாசம் பூச்சி மருந்து விக்கிற சேல்ஸ்மேன் ஒருத்தன், பாவம், இதே எடத்துல மாட்டிக்கிட்டான். அப்புறம் அவனை இந்தப் பக்கம் யாருமே பாக்கல."

"போலீஸ்ல சொல்லலையா?"

குணா என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பெரியவரு மேலயா? என்னண்ணே நீங்க."

பயத்தில் ஒரு வசதி உண்டு. அது மிகவும் புத்திசாலி. எந்தத் தகவலைக் கொடுத்தாலும் கரெக்டாகப் பொருத்தி வைத்துக்கொள்ளும்.

"ஒண்ணு சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க," என்றான் குணா. "எதிர்ல வந்துட்டார்னா ஓடாதீங்க. ஓடினா அவருக்குப் புடிக்காது. கையைக் கட்டிக்கிட்டு, கண்ணைப் பாக்காம அப்படியே நில்லுங்க."

அவன் கயிற்றின் மறுமுனையைக் கட்ட லோரிக்கு அந்தப் பக்கம் போனான். ஏரியிலிருந்து பனி எழுந்து கரைக்கு வந்தது. அப்போதுதான் காட்டுப் பாதையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

க்ர்ர்ர்ர்ஹ்ம்.

புதர் அசைந்தது. பனிக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு. நொண்டி நொண்டி நேராக என் பக்கம்!

கையைக் கட்டிக்கொண்டு நின்றேனா? கண்ணைப் பார்க்காமல் இருந்தேனா? லோரி டயரில் ஒரு கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், லோரி உச்சியில், கோபிஸ்களுக்கு நடுவில். என் வயிற்றையும் முட்டியையும் அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. "புலி! சரோ! புலி!" என்று கத்தினேன். கைக்குக் கிடைத்த ஒரு கோபிஸை எடுத்துப் பலங்கொண்ட மட்டும் எறிந்தேன்.

அது புலியைத் தாண்டி விழுந்து உருண்டது.

புலி நின்றது. குனிந்து கோபிஸை எடுத்து, மண்ணைத் தட்டியது.

"எவன்டா அவன், சாப்பிடற பொருளை வீணாக்கறது?"

பனி கொஞ்சம் விலகியது. மலேசியக் கால்பந்துக் குழுவின் மஞ்சள் கறுப்பு ஜெர்சி. அதற்குள் குட்டையாக, மெலிந்த ஒரு கிழ உருவம். மறுபடி தொண்டையைச் செருமியது. க்ர்ர்ர்ர்ஹ்ம்.

குணா லோரியைச் சுற்றி ஓடிவந்தான். "பெரியவரே, இவங்க நம்ம தினேஷுக்குப் பாத்திருக்கற பொண்ணோட அப்பா..."

பெரியவர். பெரியப்பா. ரெண்டும் ஒரே ஆள் என்று யாராவது ஒருத்தர் என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா?

"வணக்கங்க," என்றேன் உச்சியிலிருந்து. மரியாதையாகக் கும்பிட்டேன். கும்பிட இரண்டு கையும் வேண்டும். கயிற்றை விட்டேன். நானும் ஒரு கூடை கோபிஸும் சேர்ந்து சரிந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தோம்.

"அண்ணே!" குணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க பெரியவரைப் புலின்னா நெனச்சீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மேட்டிலிருந்து யாழினி ஓடி வந்தாள். செருப்பில்லை. முடி கலைந்திருந்தது. கையில் தோசைக் கரண்டியைக் கத்தி மாதிரி பிடித்திருந்தாள். "அப்பா! எங்கப்பா? எங்க அது?" என்று எனக்கும் காட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அப்புறம்தான் கோபிஸ்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். குணா சிரிப்புக்கு நடுவே விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. கரண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. பின்னாலேயே வந்த சரோ ஒரு பார்வை பார்த்தாள். இந்த வயதில் விவாகரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுகிற பார்வை.

ஒரு ஏப்பத்துக்கே ஒரு சம்பந்தம் போயிருக்கிறது. கோபிஸுக்கு?

என் மகளின் கல்யாணத்தை நானே லோரி மேலிருந்து தள்ளிவிட்டேன் என்று நினைத்தபோது, புலியே வந்திருக்கலாம் என்று தோன்றியது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பெரியவர் யாழினியிடம் போனார்.

"புலின்னு கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு பெரியப்பா."

"கேட்டுமா எறங்கி வந்தே?"

"அப்பா குரல்..."

"கையில என்ன அது?"

"தோசைக் கரண்டி. வரும்போது கையில அதான் இருந்துச்சு."

பெரியவர் கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வெச்சு புலிய என்ன பண்ணுவே?"

"தெரியல பெரியப்பா." அவள் கண்ணில் நீர் நின்றது. "யோசிக்கல."

அவர் கரண்டியை அவளிடமே கொடுத்தார். "நான் பொறந்ததுலேருந்து இந்தக் காட்டோரமாக் கெடக்கறேன். புலின்னு சத்தம் கேட்டா மொதல்ல கதவைச் சாத்துவேன். அப்புறம்தான் யாரு கத்தறான்னு கேப்பேன்."

பிறகு சரோவிடம் திரும்பினார். கீழே உட்கார்ந்திருந்த என்னைத் தாடையால் காட்டினார்.

"பொண்ணு இவரு மாதிரி இல்லையே?"

"இல்லவே இல்லீங்க!" என்றாள் சரோ. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எந்தக் கேள்விக்கும் அவள் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

"அப்ப சரி. மேல வாங்க, நாள் பாப்போம்." போகிறபோக்கில் நான் எறிந்த கோபிஸை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

யாழினி கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். சின்ன வயதிலிருந்து இவளைப் பார்த்து யாராவது 'அப்படியே அப்பா மாதிரி' என்றால் நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். 'அப்பா மாதிரி இல்லை' என்று ஊர் முன்னால் சொல்லப்பட்டு, அதில் எனக்குக் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை. புலி என்று கேட்டதும் நான் கோபிஸைப் பார்த்து ஓடினேன். அவள் என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

கோழிக்கறி பிரமாதம். பெரியவர் பக்கத்தில் உட்காரவைத்து, சேல்ஸ்மேன் ஓடிப்போன காரணத்தை எனக்கு விளங்க வைத்தார்: தன் வாழ்க்கை வரலாற்றை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், அசையாமல் கேட்டேன்.

நடுவில் தினேஷ் என் காதருகே குனிந்தான். "அப்ப யாழினி யாரு மாதிரி மாமா?"

"அவ அம்மா..." என்று ஆரம்பித்தேன். சரோ அந்த நேரம் பார்த்து ரசத்தோடு என் பின்னால் வந்து நின்றாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.