ஏளா, கெடச்சிட்டுளா!

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு டிவி முன்னால், மடியில் நோட்டும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். வடக்கே நடக்கிற பெரிய சினிமா விருது விழாவை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நோட்டும் பேனாவும் எதற்கு என்று கேட்பீர்கள். நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் பிரிவில் ஆறு பேர், ஆறு பேருக்கும் சினிமாப் பைத்தியம். விழாவுக்கு முந்தின நாளே யாருக்கு எந்த விருது என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதி, கவரில் போட்டு ஒட்டிவிடுவோம். திங்கட்கிழமை பிரித்துப் பார்ப்போம். அதிகம் தப்பு விட்டவர் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். அதுவரை எட்டு வருஷமாக நான் பஜ்ஜி வாங்கினதே இல்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

சிறந்த நடிகைக்கான போட்டியில் இருந்த ஐந்து பேரில் ஒருத்தியை எனக்கு நேரிலேயே தெரியும். அவள் நடித்த படத்தில் பாதியை எடுத்ததே கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அண்ணன் வீட்டில்தான். ஆனாலும் பட்டியலில் அவள் பெயரை நான் எழுதவில்லை. வடநாட்டுப் பெண் நம்ம ஊர்ப் பேச்சைச் சொந்தக் குரலில் பேசி, அதற்கு விருதும் வாங்குவதாவது என்று ஓர் இளக்காரம். படம் அதுவரை தியேட்டருக்கு வரவில்லை, வெளிநாட்டு விழாக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் நாலு நாள் படப்பிடிப்பு மட்டும்தான்.

அவள் பெயரைத்தான் வாசித்தார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பஜ்ஜி.

அந்தப் பெண் சாதாரண நூல் சேலையில் மேடையேறி, ஆங்கிலத்தில் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். இறங்கப் போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி ஓடி வந்து மைக்கில் எதையோ சத்தமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அரங்கமே கை தட்டியது. இந்தியில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து நான் நோட்டை மூடி வைத்துவிட்டு தோசை ஊற்றப் போனேன்.

மறுநாள் பார்த்தால் அந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாருக்கும் பேச்சு. இந்திக்காரர்கள் அது இந்தி இல்லை என்கிறார்கள். ஒரு சேனலில் அவளுடைய தாய்மொழி என்றார்கள், அந்த மொழிக்காரர்கள் எங்கள் மொழி இல்லை என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை அலுவலகத்திலும் இதே ஆராய்ச்சிதான். ‘இலா’ என்று அவளுக்கு ஒரு மகள் இருக்கும், அதைத்தான் கூப்பிடுகிறாள் என்றார் ஒருத்தர். கல்யாணமே ஆகவில்லையே என்றார் இன்னொருத்தர். எனக்கும் குடைச்சலாக இருந்தது. பஜ்ஜிகூட மறந்துபோய்விட்டது.

மத்தியானம் பக்கத்து மேஜைத் தோழி செல்போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதிகாரி உள்ளே இருந்ததால் ஒலியை அடைத்து வைத்திருந்தாள். அப்படிச் சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் என் கண்ணில் அது பட்டது. வலது கையில் விருது. இடது கையால் தன் தொடையில் பட்டென்று ஒரு தட்டு. உடனே தாடையைத் தூக்கி ஒரு சிரிப்பு.

அந்தத் தட்டு எங்கள் மதினியுடையது. அண்ணன் கல்யாணம் ஆன நாளிலிருந்து முப்பது வருஷமாக நான் பார்க்கிற தட்டு. மனசுக்குப் பிடித்தது நடந்துவிட்டால் மதினி தொடையில் தட்டாமல் இருக்க மாட்டாள்.

போனைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிப்போய் காதில் வைத்துக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு நம்ம ‘ள’ வராது. அதனால் ‘ஏலா, கெடச்சிட்டுலா’ என்று கேட்டது. மதினி வாயில் போட்டுப் பார்த்தால் சரியாக விழுந்தது: “ஏளா, கெடச்சிட்டுளா!”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆண்பிள்ளையை ‘ஏலே’ என்று கூப்பிடுகிற மாதிரி பெண்பிள்ளையை ‘ஏளா’ என்போம். உரிமை இருக்கிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். ‘ஏ பெண்ணே, கிடைச்சிருச்சுடி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், எங்கள் பிரிவில் இருந்த ஆறு பேரும் திருநெல்வேலிச் சீமையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் நாள் முழுக்க ‘வாளா, போளா’ என்கிறவர்கள். அப்படி ஒரு மேடையில் நம்ம பேச்சு வரும் என்று ஒருத்தர் காதுக்கும் தோன்றவில்லை.

சாயங்காலமே மதினிக்குப் போன் போட்டேன்.

“சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?” என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை உங்க கிட்டதானே படிச்சது, எப்போ படிச்சது, எப்படிப் படிச்சது என்று கேள்வியாக அடுக்கினேன்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்க அண்ணன் வந்ததும் பேசச் சொல்றேன்.”

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. ‘சொல்றேன்’ என்கிறாள். ‘சொல்லுதேன்’ என்று சொல்கிற வாய் அது. அப்புறம் அந்த ‘நல்லா இருக்கீங்களா’. மதினி என்னை ‘ஏளா’ என்றுதானே கூப்பிடுவாள்? கடைசியாக எப்போது அப்படிக் கூப்பிட்டாள்? போன பொங்கலுக்கு இல்லை. என் மகள் வளைகாப்புக்கு இல்லை. பின்னோக்கி யோசித்துக்கொண்டே போனால், அந்தப் படப்பிடிப்பில் வந்து நின்றது.

விழாவுக்கும் ஒன்றரை வருஷம் முந்தின சமாசாரம் அது. அண்ணன் வீட்டு முன்கட்டைப் படத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சினிமா என்றால் விடுவேனா? நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டேன். நடிகைக்கு நம்ம ஊர்ப் பேச்சு பழக வேண்டும், வசனத்தை உங்கள் வழக்கப்படியே பேசித் தாருங்கள், பதிவு செய்து கொடுத்தால் அந்த அம்மா கேட்டுக் கேட்டுப் பழகுவார்கள் என்று உதவி இயக்குநர் மதினியிடம் கேட்டார். மதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பளம் இடுகிற பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்து வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அதுதான் வினை.

‘அங்கன’ என்றாள், ‘அங்கே’ன்னு சொல்லுங்க மதினி என்றேன். ‘பைய வா’ என்றாள், ‘மெதுவா வா’ என்றேன். ‘செய்யுதான்’ என்றாள், ‘செய்றான்’ என்றேன். உதவி இயக்குநர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் எல்லார் முன்னாலும் ஒன்று சொன்னேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

“மதினி, தயவுசெஞ்சு அந்த ஏளா, வாளாவ விட்டுருங்க. வெளியூர்க்காரங்க முன்னால அசிங்கமா இருக்கு.”

மதினி சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒரே சீராக நாலு வசனம் பேசினாள். உதவி இயக்குநர் போதும்மா என்று எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் அவர் கூப்பிடவில்லை. நானும் லீவு முடிந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு மதினி என்னிடம் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்றுதான் பேசினாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மதினிக்குப் பேச்சு திருந்திவிட்டது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்தேன். இந்தப் புத்தியை எதில் சேர்க்க?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். மதினி பின்கட்டில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க” என்று எழுந்தாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த விழாவை டிவியில் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

பார்த்தேன் என்று தலையசைத்தாள். குழவி பலகையில் உருண்டுகொண்டே இருந்தது. பிறகு தானாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

நான் ஊருக்குப் போன மறுநாள் அந்த நடிகையே பின்வாசல் வழியாக வந்தாளாம். தமிழ் தெரிந்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு இதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீங்கள் வசனம் பேச வேண்டாம், உங்கள் வேலையைப் பாருங்கள், நான் தப்பு செய்தால் திட்டுங்கள் என்றாளாம். நம்ம பேச்சு நல்லாயிருக்காதும்மா என்று மதினி சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் விடவில்லை. மாவு உருட்டக் கற்றுக்கொண்டாள், அப்பளத்தைக் கோணல்மாணலாக இட்டாள், பதினைந்து நாள் மதினியிடம் ஏச்சு வாங்கினாள். ஒரு வாக்கியத்தின் ராகம் அவளுக்குச் சரியாக வந்துவிட்டால் மதினி தொடையில் தட்டி “ஏளா, கெடச்சிட்டுளா!” என்பாளாம். கிடைத்தது என்றால் அந்த ராகம். மேடையில் அதே சொல்லை விருதுக்குச் சொல்லியிருக்கிறாள்.

“எனக்குத்தான் சொல்லுதாள்னு கேட்டவுடனே தெரிஞ்சிட்டு,” என்றாள் மதினி. “டிவி முன்னால உக்காந்து அழுதேன்.”

“என்கிட்ட ஏன் மதினி சொல்லல?”

மதினி குழவியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா, மொதல்ல மனசுக்குள்ள திருத்தி வச்சிக்கிட்டுல்லா வாயத் தொறக்க வேண்டியிருக்கு. அதுக்குள்ள சொல்ல வந்தது போயிருது. ஏன், என் நாக்கு அம்புட்டு அழுக்காவா இருந்துச்சு?”

ஒன்றரை வருஷமாக என்னிடம் ஒவ்வொரு சொல்லையும் இப்படி எடுத்து வைத்துத்தான் பேசியிருக்கிறாள். மதினி இப்போதெல்லாம் அளவாகப் பேசுகிறாள் என்று வேறு நான் மெச்சிக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன். தப்புதான் மதினி, பழையபடி ஏளான்னு கூப்பிடுங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கூப்பிடச் சொல்லிக் கூப்பிட்டா அது நடிப்புல்லா? அதுக்குத்தான் அவளுக்கு விருது கொடுத்தாச்சே. எனக்கு வராது.”

கோபம் இல்லை. ஆனாலும் கிளம்பும்போது வாசலில் நின்று “பாத்துப் போங்க” என்றாள். வேண்டுமென்றே சொல்லவில்லை, பழகிப்போயிருந்தது. பஸ்ஸில் அந்த ‘ங்க’ காதிலேயே நின்றது. என்னை யார் யாரோ மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அண்ணன் பொண்டாட்டி கூப்பிடுவது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து படம் திருநெல்வேலிக்கு வந்தது. மதினியை வரவழைத்து மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனேன். திரையில் அந்தப் பெண் “பைய வாளா, அங்கன வழுக்கும்” என்றதும் தியேட்டரே விசில் அடித்தது. முன்வரிசையில் ஒரு பாட்டிமார் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, சொந்தக்காரரைப் பார்த்த சிரிப்பு. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். “நீங்க சாப்பிடலையா?” என்றாள். இனி அந்தச் சொல் வராது என்று முடிவு செய்துகொண்டேன்.

படம் முடிந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ‘முற்றும்’ போடும்போதே எழுந்துவிடுவேன். கூட்டத்துக்கு முந்தி வெளியேறினால்தான் பஸ்ஸில் இடம் கிடைக்கும். எழுந்து பையைத் தோளில் மாட்டினேன். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

“ஏளா! உக்காருளா, மறைக்குது!”

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. நான் தொப்பென்று உட்கார்ந்தேன். என்ன சொன்னோம் என்று மதினிக்கே தெரியாது. கழுத்தை நீட்டி, ஓடுகிற பெயர்களில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். நன்றி என்று போட்ட இடத்தில் அது வந்திருக்க வேண்டும், என் தொடையில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

“இங்கன பாருளா, பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. கண் நிறைந்து திரையே தெரியவில்லை. “கெடச்சிட்டு மதினி” என்றேன். தன் பெயரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “பொறவு? போடாம இருப்பாளா!” என்றாள்.

இந்த வருஷமும் விழா வந்தது, பட்டியல் எழுதினோம், பஜ்ஜி நான்தான் வாங்கினேன். போன வருஷம் யார் யாருக்கு என்ன விருது என்று இப்போது கேட்டால் பாதி மறந்துவிட்டது. ஆனால் நெருங்கிப் பழகின ஒருத்தர் திடீரென்று என்னை ‘வாங்க’ என்று மரியாதையாகக் கூப்பிட்டால், இவர்களை எப்போது என்ன சொல்லித் திருத்தினேனோ என்று எனக்கு இன்றைக்கும் பக்கென்று இருக்கிறது.