வாடிக்கையாளர் எழுதாத பதில்கள்

எங்கள் வால்வு பட்டறையில் அலுவலகம் என்பது ஒரே அறைதான். முதலாளிக்கு ஒரு மேஜை, கடிதங்களைக் கவனிக்கும் 'லெட்டர்' அக்காவுக்கு ஒரு மேஜை, பேக்கிங் பார்க்கும் எனக்கு ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். மூவரில் யார் தும்மினாலும் மற்ற இருவருக்கும் தெரியும்.

முதலாளி லேத் மிஷினில் வேலை பார்த்து மேலே வந்தவர். ஆங்கிலம் தெரியாது. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரின் மெயில்களை அக்காதான் படித்துச் சொல்வார். ஒவ்வொன்றும் 'நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்றே தொடங்கும். அது சும்மா ஒரு வழக்கம், பதிலெல்லாம் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

"ஒருத்தர் நலம் விசாரிக்கிறார். அதுக்குப் பதில் சொல்லாம விலையப் பத்திப் பேசினா என்ன மரியாதை?" என்றார் முதலாளி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

முழங்கால் வலி, மனைவியின் இருமல், ஒழுகும் குழாய், எல்லாவற்றையும் அக்கா முதல் மாதம் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினார். திரும்பி வந்தது போல்ட் அளவு மட்டும்.

"என் முட்டியப் பத்தி என்ன சொன்னார்?" என்று முதலாளி ஆசையாகக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்றார் சார்," என்று அக்கா வாயை விட்டுவிட்டார். வந்தது வினை.

அதன்பின் ஆறு வருடம். முதலாளி சொல்லும் கதையெல்லாம் மெயிலில் 'நலம், நன்றி' என்று சுருங்கிப் போகும். போகாத கதைக்கு வராத பதிலை அக்கா படித்துக் காட்டுவார். முன்னுக்குப் பின் முரணாகக் கூடாதென்று ஒரு நோட்டே போட்டிருந்தார். அதன்படி வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு பெண்கள், முதுகு வலி, இடிக்குப் பயப்படும் ஒரு நாய். எனக்கு எல்லாம் தெரியும். கேட்கச் சுவாரஸ்யமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் முதலாளியின் மனைவி இறந்துபோனார். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் அக்கா படித்தார்: "அவர் மனைவி போயும் மூணு வருஷமாச்சாம் சார். சாயங்காலம் ஆறு மணிதான் தாங்காதாம். அந்த நேரத்துல வீட்டுல இருக்காதீங்க, செருப்ப மாட்டிக்கிட்டு எங்கயாவது நடங்கன்னு எழுதியிருக்கார்."

அன்றிலிருந்து முதலாளி நடக்கிறார். "எங்கயோ இருக்கற மனுஷனுக்கு என் மனசு தெரியுது பாரு," என்று என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

போன புதன்கிழமை ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டுக்காரர் மறுநாள் நேரில் வருகிறார், மனைவியோடு.

மொழிபெயர்க்கப் போவது அக்காதான், எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் விருந்தாளிகள் முன்னால் முதலாளி தலைகுனிந்து நிற்பதை அக்காவால் பார்க்க முடியாது. நோட்டை எடுத்துப் போய் முதலாளி மேஜையில் வைத்தார்.

"சார், உங்க முட்டியப் பத்தியோ வீட்டம்மாவப் பத்தியோ அவர் ஒரு வரி எழுதினதில்ல. எல்லாம் நானா சொன்னது. வேலைய விட்டுப் போகச் சொன்னா போயிடறேன்."

முதலாளி பக்கங்களைப் புரட்டினார். காது சிவந்துவிட்டது. "ஆறு வருஷமா என்னைப் பைத்தியக்காரன் ஆக்கியிருக்கியேம்மா."

கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் கேட்டார்: "அந்த ஆறு மணி விஷயம்? அதை எங்கேருந்து எடுத்த?"

"எங்கேருந்தும் எடுக்கல சார். எங்க வீட்டுக்காரர் போனப்ப நான் அப்படித்தான் நடந்தேன்."

அக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. முதலாளி அப்போது சம்பளத்தோடு பதினைந்து நாள் விடுமுறை கொடுத்தார். அக்கா திரும்பி வந்த அன்று ஒரு விலைக் கொட்டேஷன் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி நோட்டை மூடினார். குரல் இறங்கியிருந்தது.

"எத்தனை மாசம் நடந்தம்மா?"

"இன்னும் நடந்துக்கிட்டுதான் சார் இருக்கேன்."