முப்பத்தேழு யானையும் எழுபத்து நாலு கண்ணும்

மூன்று வருடங்களுக்கு முன், குறுவை அறுவடை முடிந்த சமயம். கையால் பொம்மை செய்து விற்கிறவர்களுக்காகத் தஞ்சாவூரில் ஒரு முகாம் நடத்தினார்கள். குழந்தைகள் பொம்மைக்கு இப்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டுமாம். எங்களைப் போன்றவர்கள் கைவினைஞர் அட்டை வாங்கிக்கொண்டால் அந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டாம். அட்டை இல்லாவிட்டால் இனிமேல் கண்காட்சியில் ஸ்டால் கிடையாது என்று எங்கள் மகளிர் குழுவில் சொல்லிவிட்டார்கள். கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்துப் போனேன். போகும்போதே எனக்குக் கோபம். கம்பெனிக்காரனுக்குப் போட வேண்டிய சட்டத்தை என் தலையில் எதற்குக் கட்டுகிறார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். மிஞ்சும் துணியில் யானை பொம்மை செய்வேன். உள்ளே இலவம் பஞ்சு. கண்ணுக்குக் குண்டுமணி. எங்கள் வாய்க்கால் ஓரத்து வேலியில் அந்தக் கொடி படர்ந்து கிடக்கும். சிவப்பு விதையில் கறுப்புப் பொட்டு. சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, அதேதான். பிள்ளையாருக்கும் யானை முகம், என் பொம்மைக்கும் யானை முகம், அப்புறம் என்ன! இந்த யோசனை வந்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி விதையில் துளை போட்டு, இரட்டை நூலில் கோத்து இறுக்கித் தைப்பேன். முகாமுக்கு முந்தின வாரம் நாகப்பட்டினம் கண்காட்சியில் மூன்றே நாளில் முப்பத்தேழு யானை விற்றிருந்தது. அந்தத் தெம்பில்தான் தஞ்சாவூரில் கால் வைத்தேன்.

முகாமில் பொம்மைகளைப் பார்த்தது ஒரு பெண் அதிகாரி. என் மகள் வயதுதான் இருக்கும். யானையை வாங்கி வாலை இழுத்தார், காதை இழுத்தார், கண்ணை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "இழுங்கம்மா, நல்லா இழுங்க. என் தையல் பிரியாது" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கண்ணு என்னங்க?" என்று கேட்டார்.

"குண்டுமணிங்க."

"இது விஷம்னு தெரியுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுப்பேனா? "பிள்ளையாருக்கே இதான் கண்ணு. இத்தனை வருஷமா யாரு செத்தா?" என்று எகிறினேன்.

"பிள்ளையாரை யாரும் வாயில வச்சுக் கடிக்கிறதில்லைங்க. மூணாம் நாள் கொண்டுபோய்க் கரைச்சுடுறோம்" என்றார். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை என்னைப் பார்த்து. பிறகு அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். முழு விதையைக் குழந்தை விழுங்கிவிட்டால்கூட அதன் கெட்டியான தோல் ஓரளவு காப்பாற்றும். கடித்தாலோ, தோலில் ஓட்டை இருந்தாலோ விஷம் நேரே உள்ளே இறங்கும். சின்னக் குழந்தைக்கு ஒன்றே போதும்.

ஓட்டை. நான் அல்லவா ஒவ்வொரு விதையிலும் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டிருக்கிறேன்! முப்பத்தேழு வீட்டில் முப்பத்தேழு பிள்ளைகள் என் யானையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும். அட்டையாவது மண்ணாவது என்று விண்ணப்பத்தை மேஜையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நல்லகாலம், எனக்கு ஒரு பீற்றல் புத்தி உண்டு. யானை வாங்கிய பிள்ளைகளை யானையோடு நிற்க வைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவேன். படத்தை அனுப்பச் சொல்லித் தாய்மார்கள் நம்பர் கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஆட்கள் அப்படிக் கிடைத்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, மீதிப் பேருக்காக வாட்ஸப்பில் குரல் பதிவு போடலாம் என்றபோது என் வீட்டுக்காரர் தடுத்தார். "நீயே உன் பொம்மைல விஷம்னு ஊருக்குச் சொன்னா, நாளைக்கு ஒருத்தி ஜாக்கெட் தைக்க வருவாளா? யோசிச்சுக்க."

"வராட்டி போறா. ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருப்பேனா?" என்று கத்தினேன். என் நம்பரையும் சொல்லி நானே பேசிப் பதிவு செய்தேன்: "நாகப்பட்டினம் கண்காட்சில துணி யானை வாங்குனவங்க எல்லாரும் கேளுங்க. அதோட கண்ணு விஷம். தெரியாமப் பண்ணிட்டேன். பிள்ளை கையிலேர்ந்து உடனே வாங்கி எடுத்து வைங்க. நானே வந்து வாங்கிக்கிறேன். கையெடுத்துக் கும்பிடுறேன், யாரும் அலட்சியமா இருக்காதீங்க."

அது எங்கெங்கோ போயிற்று. குழுக்களில் போயிற்று. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார். திட்டு வாங்கினேன், கணக்கில்லாமல் வாங்கினேன். "பொம்மைன்னு சொல்லி விஷத்தை வித்தியா?" என்று ஒருவர் கேட்டபோது, எதற்கும் எகிறும் நான், "ஆமாங்க, தப்புதான்" என்றேன். சிலர், "ஷோகேஸ்லதான் இருக்கு, பரவால்ல அக்கா" என்றார்கள். விடவில்லை. என் வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஒரு வாரம் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து யானை பிடித்தேன். முப்பத்தாறு வந்துவிட்டன. எல்லாவற்றிலும் இரண்டு கண்ணும் இருந்தன. ஒரு யானை மட்டும் வரவில்லை, மஞ்சள் பட்டுத் துணி யானை.

ஒன்பதாம் நாள் காலையில் என் பதிவைக் கேட்ட ஒரு பெண் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டார். திருப்பனந்தாளில் தங்கள் தெருவில் ஒரு குழந்தையிடம் மஞ்சள் யானையைப் பார்த்ததாகச் சொன்னார். வீட்டு அடையாளமும் சொன்னார். வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். காத்திருக்க மனமில்லாமல், மூன்று பஸ் மாறித் தனியாகவே போய் இறங்கினேன்.

கூடத்தில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. வாயில் என் யானையின் தும்பிக்கை. யானைக்கு இரண்டு கண்ணும் இல்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி யானையைப் பிடுங்கினேன். குழந்தை வீல் என்று அலறியது. சமையற்கட்டிலிருந்து அதன் அம்மா ஓடி வந்தாள். "யாருங்க நீங்க? பிள்ளைகிட்ட எதுக்குங்க பிடுங்குறீங்க?"

"கண்ணு எங்கம்மா? இதோட கண்ணு எங்க?" இதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை. அவள் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பாள். எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"அதுவா?" என்றாள். "வாங்கிட்டு வந்த உடனே கத்தரிச்சு எடுத்துட்டேங்க. பல்லு முளைக்குது இவனுக்கு, எதைப் பார்த்தாலும் கடிக்கிறான். விஷம்னுல்லாம் எனக்குத் தெரியாது, தொண்டையில சிக்கிக்குமேன்னுதான் எடுத்தேன்." உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு. எழுபத்து நாலும் வந்துவிட்டது! அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுத என்னைப் பார்த்து அந்தப் பயல் கைகொட்டிச் சிரித்தான்.

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். குடிக்கும்போது, "கண்ணை நூலாலயே போட்டுடலாம்ல அக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். இருபது வருடமாக ஊசி பிடிக்கிற எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்!

வீட்டுக்கு வந்து விதைகளைக் கொல்லையில் புதைக்கப் போனேன். "புதைச்சா முளைக்கும்டி" என்றார் வீட்டுக்காரர். அந்த ஒன்பது நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான். பிறகு அடுப்பில் போட்டுக் கரியாக்கினேன். முப்பத்தேழு புது யானை தைத்தேன், கண், இமை எல்லாம் கறுப்பு நூலில். முதல் யானை திருப்பனந்தாளுக்குப் போயிற்று. ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டு, அடுத்த முகாமுக்குத் தஞ்சாவூர் போனேன்.

அதே அதிகாரி. இழுத்தார், முறுக்கினார், சாயம் போகிறதா என்று ஈரத்துணியால் தேய்த்தார், தையலைப் பிதுக்கினார். பத்து நிமிடம் ஆயிற்று. நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "பிள்ளைங்க கையில தாராளமாக் கொடுக்கலாங்க" என்றார். அதோடு விடாமல், நடந்ததை எல்லாருக்கும் சொல்லும்படி என்னை மேடையில் ஏற்றிவிட்டார். சொல்லி முடித்ததும் மண்டபமே கைதட்டியது. என்னைத் திட்டியவர்களில் நாலு பேர் இன்றைக்கு என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கிறார்கள். அட்டையும் வந்தது.

போன மாதம் கண்காட்சியில் ஒரு தாயின் இடுப்பிலிருந்த குழந்தை எட்டி என் யானையைப் பிடித்து நேரே வாயில் வைத்துவிட்டது. "ஐயோ, எச்சி பண்றான்!" என்று அவள் பதறிப் பிடுங்கப் போனாள். "விடுங்கம்மா, நல்லாக் கடிக்கட்டும்" என்றேன். பயமில்லாமல் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிகிறதே, அதைவிடப் பெரிய வெற்றி பொம்மை செய்கிற ஒருத்திக்கு இருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.