பொம்மையிடம் அனுமதி கேட்டவன்

தண்ணீர் கேன் போடுகிறவனுக்கு அந்தத் தெருவில் இரண்டு பெயர்கள். எதிரே வந்தால் 'கேன்காரரே'. முதுகைத் திருப்பினால் 'நர்ஸம்மா'. இரண்டாவது பெயர் அவன் காதுக்கு எட்டாமல் இல்லை. தோளில் கேன் இருக்கும்போது யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அவன் ஒரு துணிக்கடையில் நல்ல வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டுக் கேன் வண்டியை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: நடுநடுவே வீட்டுக்கு ஓடி வரலாம். படுத்தே கிடக்கும் உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மாடி வீட்டுக்கு ஒரு கேன், அம்மாவை இடப்பக்கம். டாக்டர் வீட்டுக்கு இரண்டு கேன், அம்மாவை வலப்பக்கம். இப்படித்தான் அவன் பகல்கள் ஓடின.

அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. கண் மட்டும் பாக்கி. "திருப்பட்டுமாம்மா?" என்று கேட்பான். அவள் கண்ணை மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம். அதுவரை கை வைக்க மாட்டான். சில நாள் வேண்டுமென்றே முறைத்துக்கொண்டு கிடப்பாள். அடம் பிடிக்க அவளுக்கு மிச்சமிருந்தது இமை மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. வாசலில் கேன்கள் வெயிலில் காய, கட்டிலோரம் நிற்பான்.

ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் அசந்துபோனாள். "இத்தனை வருஷமா படுத்திருக்காங்க, உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே! தம்பி, நீங்க பேசாம நர்ஸிங் படிக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கட்டிலில் கிடந்தவள், யாரும் எதுவும் கேட்காமலே, கண்ணை மெல்ல மூடித் திறந்தாள்.

அன்றைக்கு அவனைப் பிடித்த ஆசை, அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. வயது வரம்பில் அதுதான் கடைசி வருடம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொம்பளைப் பிள்ளைங்க க்யூவுல போய் நிக்கப் போறியா? உன் மாமாவுக்கு ஆபீஸ்ல மானம் போயிடும்டா."

"மாமாவையா நிக்கச் சொன்னேன்? நான்தானே நிக்கப் போறேன்."

"வாய் மட்டும் குறைச்சலில்ல" என்று திட்டியபடியே அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

ஆண், பெண் இருபாலரும் விண்ணப்பிக்கலாம் என்று நர்ஸிங் பள்ளியின் அறிவிப்புப் பலகை பெரிய எழுத்தில் பெருந்தன்மை காட்டியது. கீழே போகப் போக எழுத்தும் மெலிந்தது, பெருந்தன்மையும் மெலிந்தது. மொத்தம் ஐம்பது இடம், ஆண்களுக்கு மூன்று, இந்த ஆண்டு மட்டும், ஆண்கள் கழிப்பறை கட்டி முடியாத காரணத்தால், ஒன்று. ஒரு மனிதனின் எதிர்காலம் கொத்தனார் வராததால் நின்றுபோகும் என்பதை அவன் அன்றுதான் தெரிந்துகொண்டான்.

வாசலில் காவலாளி அன்பாகத்தான் விசாரித்தார். "யாரை விட வந்தீங்க தம்பி? தங்கச்சியா?"

"என்னைத்தாங்க."

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

தேர்வுக் கூடத்தில் ஒரு கட்டில். அதில் நோயாளிப் பொம்மை ஒன்று, வயதான பெண்ணின் முகத்தோடு. எதிரே முதல்வரம்மா, ஓர் ஆசிரியை, ஒரு டாக்டர். பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அவனுக்கு முன்னால் போன பெண், "பயப்படாதீங்க பாட்டி, மெதுவாத்தான் திருப்புவேன்" என்று பொம்மையின் தலையைத் தடவினாள்.

ஆசிரியைக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "பார்த்தீங்களா சார்? சொல்லிக் கொடுத்தா வருது இதெல்லாம்? ரத்தத்துலயே இருக்கு."

அடுத்து அவன். கட்டிலோரம் நின்றான். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

"இடப்பக்கம் திருப்பட்டுமாம்மா?"

கேட்டுவிட்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பொம்மையின் கண்ணைவிட்டு அவன் பார்வை அகலவில்லை.

"என்னப்பா," என்றார் டாக்டர், "பொம்மை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கண் மூடாது. வீட்டில் இருந்த கண்ணும் இனிமேல் திறக்காது.

"மன்னிச்சுக்குங்க சார். எங்கம்மா கண்ணை மூடித் திறந்தாத்தான் தொடுவேன். பழக்கதோஷம்."

"அவங்களைப் பார்த்துக்கறது நீங்களா?" என்றாள் ஆசிரியை.

"நான்தாங்க மேடம். இப்ப இல்லீங்க. மூணு மாசமாச்சு."

"குளிப்பாட்டறது, துணி மாத்தறது எல்லாம்?"

"எல்லாமே நான்தாங்க."

"ஏன், வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லையா?"

பதிலுக்கு அவன் வாய் திறப்பதற்குள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதையே ஒரு மகள் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்திருக்கும். இங்கே ஒரு பேனா மூடப்பட்டது.

ஆண்களுக்கான அந்த ஒற்றை இடம், பொம்மையை எதுவும் கேட்காமல் ஒரே புரட்டாகப் புரட்டிப்போட்ட வாலிபனுக்குப் போயிற்று. மனுஷன் வெளிநாடு போகும் தெளிவான திட்டத்தோடு வந்திருந்தான்.

முதல்வரம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உங்க மனசு எனக்குப் புரியுது. நீங்க மட்டும் பொண்ணா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினார். "ஒண்ணு பண்ணுங்க. பக்கத்துல நம்ம ஆஸ்பத்திரியிலயே ஆளைத் தூக்கி இறக்கற வேலை காலியா இருக்கு. அங்க ஆம்பளைங்கதான் வேணுமாம்."

சேர்ந்தான். தூக்கினான், இறக்கினான். கேன் மாறி ஆள் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

ஒருநாள் ஆண்கள் வார்டில் பெரியவர் ஒருவர் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். அவருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். சுற்றிலும் மாணவிகள், தேர்வுக் கூடத்தில் பொம்மையின் தலையைத் தடவிய பெண்ணும் அதில் ஒருத்தி.

"ஒரு ஆம்பளை நர்ஸ்கூடவா கிடையாது இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில?" பெரியவரின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எங்கே தாத்தா," என்றாள் தலைமை நர்ஸ் அலுப்போடு, "ஆம்பளைங்க யாரு இந்தப் படிப்புக்கு வர்றாங்க? கௌரவம் பார்க்கறாங்க." பிறகு, தள்ளுகட்டிலைப் பிடித்தபடி நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னண்ணே, நான் சொல்றது சரிதானே? உங்களுக்குத் தெரிஞ்ச பசங்க யாராவது இருந்தா சேரச் சொல்லுங்களேன்."

அந்த மாணவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்றேன் சிஸ்டர்" என்றான் அவன்.