கமருதீன் பாய் கொடுத்த டைரக்ட்

கமருதீன் பாய் கைவைத்த மெஷின் ஓடாமல் இருந்ததில்லை. போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவருடைய கடை. அவர் உட்கார்ந்தால் வந்தவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை. முப்பது வருஷமாக மிக்ஸி, ஹீட்டர், வாஷிங் மெஷின் என்று எது வந்தாலும் ஓட்டிக் காட்டிவிடுவார்.

எப்படி ஓட்டுகிறார் என்பதுதான் சங்கதி. மெஷினுக்குள் சூடு மீறினால் தானாக அறுந்து கரண்டை நிறுத்த ஒரு சின்ன பியூஸ் இருக்கும். அது போனால் புதிது மதுரையிலிருந்து வரவேண்டும். மழைக்காலத்தில் மலைக்காரர்களுக்கு அதுவரை பொறுமை ஏது? பாய் அந்தப் பியூஸின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி மூடிவிடுவார். "டைரக்ட் குடுத்துட்டேன், இனி நிக்காது" என்பார். ஜனங்களும் கைராசிக்காரர் என்று கொண்டாடினார்கள். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

ஆடி மாதச் சாரலில் ஒருநாள் காலை லில்லி போன் செய்தாள். "பாய், டிரையர் கொதிக்குது. துணியெல்லாம் கருகுது. வெரசா வாங்க."

லில்லியின் வீடு போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிறது. அவள் புருஷன் ஜேசுதாஸ் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம் ஏலக்காய் காயவைத்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறார். ஒரு நாளைக்கு நாலைந்து பெட்ஷீட் நனையும். மழை பிடித்தால் அங்கே ஒரு துணி காய ஒரு வாரம் ஆகும். கொச்சியில் நர்ஸாக இருக்கிற மகள் அபிஷா, வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று விட்டுப்போன, துணி காயவைக்கிற டிரையரை வாங்கி அனுப்பியிருந்தாள். ஈரத்தில் கிடந்தால் அப்பாவின் முதுகில் புண் வைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பாய் ஜீப்பில் ஏறிப் போனார். வாசலிலேயே கருகல் வாடை அடித்தது. லில்லி காட்டிய பெட்ஷீட்டின் நடுவில் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. பஞ்சு சேருகிற சல்லடையைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. சூடான காற்று வெளியேறுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். சுவரில் குழாய் முடிகிற ஓட்டையில் ஒரு சாக்கு திணிக்கப்பட்டிருந்தது. இழுத்தால், பின்னாலேயே கட்டி கட்டியாக ஈரப் பஞ்சு வந்தது.

"யாருக்கா இத அடைச்சது?"

"அவருதான் சொன்னாரு பாய். ஸ்டோர்ல காயைப் பரப்புனதும் சன்னல் கதவெல்லாம் அடைச்சு சூட்ட நிறுத்துவாங்களாம். அப்பத்தான் காய் பச்ச மாறாம காயுமாம்."

உள்ளேயிருந்து ஜேசுதாஸ் குழறினார். "மொதல்லதான் அடைக்கணும். காய் வேர்த்ததும் தெறந்து விடணும். தெறக்கச் சொல்லலையா நான்?"

அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"ஏலக்காயும் பெட்ஷீட்டும் ஒண்ணாக்கா?" என்று பாய் சத்தம் போட்டார். குற்றம் வேறு யாருடையதோ என்று தெரிந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். அதே தெம்போடு மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே ஒரு நீல ஒயர் இருந்தது. டேப் உருகி வழிந்திருந்தது. அதை முறுக்கியது அவருடைய கைதான். போன ஐப்பசியில் கொடுத்த டைரக்ட். சூட்டை அளந்து ஹீட்டரை அணைக்கிற தெர்மோஸ்டாட்டும் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பலகைச் சுவர் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்திருந்தது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் ஜேசுதாஸின் தலைமாடு.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாக்கு அடைத்தபோதே பியூஸ் அறுந்து மெஷின் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

மதுரைக் கடைக்குப் போன் போட்டார். இந்த மாடலுக்குச் சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள்.

"போன தடவ மாதிரி டைரக்ட் குடுத்துட்டுப் போங்க பாய்" என்றாள் லில்லி. "நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"மாட்டேன்க்கா." முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் இப்போதுதான் சொன்னார். "நீங்க ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போனாப் போதும். அவரால எந்திரிச்சு ஓட முடியாது."

லில்லி பாயை உள்ளே கூட்டிப்போய்ப் புருஷனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அந்த ஒயரப் போட்டது நான்தான்க்கா. தப்பு என்னோடது."

"யாரு போட்டதுன்னு நான் கேக்கல பாய். எனக்குக் காஞ்ச துணி வேணும்."

பாயிடம் காய்ந்த துணி இல்லை. வேறு யாரும் வந்து ஓட்டிவிடக் கூடாது என்று டிரையரின் பிளக்கை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் செருப்பை மாட்டும்போது லில்லி அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி ஈரத் துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். புகை எழும்பியது. ஜேசுதாஸ் இருமத் தொடங்கினார்.

ரோட்டுக்கு வந்து ஜீப்புக்கு நிற்கும்போதுதான் மற்ற வீடுகள் ஞாபகம் வந்தன. எத்தனை ஹீட்டர், எத்தனை மெஷின்? எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. முதலில் நினைவுக்கு வந்தது பூப்பாறைப் பக்கத்துப் பொன்மணி, பச்சைப்பிள்ளைக்காரி. போன் போட்டு ஹீட்டரைப் பற்றிக் கேட்டார்.

"அத ஏன் கேக்குறீங்க பாய்! நீங்க கை வச்சதுலருந்து ஒரு நாள்கூட நின்னதில்ல. இப்பவும் ஓடுது. பிள்ளையப் பக்கத்துலதான் படுக்கப் போட்டிருக்கேன், கதகதன்னு தூங்குறான்."

"ஆத்தா, மொதல்ல அந்த ஒயரப் புடுங்கு. பிள்ளையத் தூக்கு. புடுங்கிட்டுச் சொல்லு" என்று கத்தினார்.

அவள் பயந்துபோய்ப் பிடுங்கினாள். பிள்ளை விழித்து அழுகிற சத்தம் போனில் கேட்டது.

பாய் போனை வைத்துவிட்டு அடுத்து யார் என்று யோசித்தார். மழையில் நின்றபடி வெகுநேரம் யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை.