அப்பா திட்டிய நாவல்

சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில், என் மகளின் அறையில் புத்தகம் படாரென மூடும் சத்தம் கேட்டது. விபத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் சரியாகப் பேசவே இல்லை.

என் சிறுவயதில், ஃபேரர் பார்க் வீட்டில் அப்பாவும் அப்படித்தான் மூடுவார். சமையல் புத்தகமோ சரித்திரமோ, எதையும் சத்தமாகக் குறை சொல்லிக்கொண்டே படிப்பார். டைஃபாய்டில் படுத்தபோது மட்டும் வாயே திறக்கவில்லை. அம்மா நூலகத்தில் தேடிப் பிடித்து, மட்டமான நாவல் ஒன்றைக் கொடுத்தார். மறுநாள், "இவனுக்கெல்லாம் யாரு பேனா கொடுத்தது?" என்று அப்பா கத்தினார்.

"பொழைச்சுட்டாரு," என்று அம்மா ரசம் வைக்கப் போனார்.

மகளுக்கு நானும் அப்படியொரு நாவலைத்தான் கொடுத்திருந்தேன். பயத்தோடு எட்டிப் பார்த்தேன்.

"ஹீரோயின் சரியான லூசு லா, மா! யாரும்மா இதெல்லாம் படிப்பாங்க?"

"இன்னும் நல்லாத் திட்டுடி," என்று கட்டிலில் உட்கார்ந்தேன்.